விருந்தாளி பார்க்க மட்டும்

ஜூலை 20, ஞாயிறு

இன்னைக்கு வீட்ல இருந்தவங்க: நான், வெள்ளத்தாய். என் மகன் செண்பகராஜ். மருமகள் ஆவுடைத்தாய். யாரும் கூப்பிடாமலே சாப்பாட்டு நேரம் பார்த்து வந்த என் கொழுந்தன் நல்லையா. பேட்டையிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரன் பீர்முகமது. பேத்தி மதிவதனி இல்லை. அவள் இல்லாம வருகிற ரெண்டாவது ஆடி இது.

மூணாங்கிளாஸோட என்னை நிறுத்திட்டாங்க. ஆனா எழுதி வெச்சுக்கிறதை நான் நிறுத்தல. எழுதாட்டி ஆளுக "நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ன்னு மூஞ்சிக்கு நேரா சாதிப்பாங்க.

கீழே எங்க கடை. கல்யாண பேனர், காதுகுத்து, சடங்கு, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி, எல்லா போஸ்டரும் அடிப்போம். மாடியில வீடு. வைகாசி முகூர்த்தத்துல கம்ப்யூட்டருக்குள்ள வைரஸ் பூந்து எல்லா வேலையையும் தின்னுட்டுது. மூணு கல்யாண வீட்டுக்காரங்க கடை வாசல்ல நின்னு கத்தினாங்க. அதான் பீர் இப்ப வேற ஒன்னு போட்டிருக்கான். லினக்ஸாம்.

"இதுக்கு விலை கிடையாது ஆச்சி. ஊர் உலகத்துல இருக்கிற ஆளுக சேர்ந்து எழுதி, யார் வேணா எடுத்துக்கோன்னு விட்டிருக்காங்க."

"சும்மா குடுக்கிறவன் எதுக்குக் குடுக்கான்?"

"அன்னதானம் போடுறவன்கிட்ட இதைக் கேப்பீங்களா?"

வாய் ஜாஸ்தி. ஆனா எனக்குப் பிடிச்சிருந்தது. அதை அவன்கிட்டக் காட்டிக்கல.

கடையில மூணு கம்ப்யூட்டர். ஒன்னுல செஞ்சதை இன்னொன்னுக்குக் கொண்டுபோக இதுவரைக்கும் பென் டிரைவைத் தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. இனிமே வேண்டாமாம். எல்லாப் படத்தையும் ஒரே இடத்துல போட்டு வெச்சா மூணுலயும் தெரியும். மாடியில டிவியிலயும் தெரியும். பேனர் பார்த்துத் தேர்ந்தெடுக்க வருகிற பொம்பளையாட்கள் மேலே வந்து உக்காந்து டிவியிலயே பார்த்துக்கலாம்னு என் மகன் சொன்னான்.

பீர் ஒவ்வொருத்தருக்கா உள்ளே போக ஒரு பேரும் சாவியும் போட்டான், சாவின்னா பாஸ்வேர்டாம். செண்பகராஜ் எதையும் போடலாம், எடுக்கலாம், அழிக்கலாம். நல்லையா போஸ்டர் ஒட்டுறதுக்கும் பேனர் கட்டுறதுக்கும் நம்ம கடைக்கு வர்றவர். அவர் பார்க்கலாம், போஸ்டர் அடிக்கிற மெஷினுக்கு அனுப்பலாம். டிவிக்குப் பேரும் இல்லை சாவியும் இல்லை.

"டிவி விருந்தாளி மாதிரி ஆச்சி. பார்க்க மட்டும். தொட முடியாது."

"அப்ப நான் இந்த வீட்ல விருந்தாளியா?"

எல்லாரும் சிரிச்சாங்க. ஆவுடை கொஞ்சம் அதிகமாச் சிரிச்சா. குறிச்சு வெச்சுக்கிறேன்.

சாப்பிடும்போது பீர் கேட்டான்: "அண்ணே, உங்க சொந்த வேலைக்குத் தனியா ஒரு ஃபோல்டர் போட்டுப் பூட்டட்டுமா? டிவியில எல்லாமே ஓடும் பார்த்துக்கோங்க." என் மகன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னான்: "என் வீட்ல எனக்கு எதுக்குப்பா பூட்டு? மேல இருக்கிறது ரெண்டு பொம்பளைங்க. ஒருத்திக்கு அடுப்படி. எங்கம்மாவுக்கு ரிமோட்டே பிடிக்கத் தெரியாது."

நல்லையா மூணு தடவை ரசம் வாங்கினார். என் வீட்டுக்காரர் செத்துக் கிடந்த அன்னைக்குப் பந்தல்ல உக்காந்து சீட்டாடினவர். எதிர்ல இருந்தவன் பேரு கூட எனக்கு ஞாபகம் இருக்கு. அவரு ரசம் குடிக்கிறதைப் பார்த்தா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியும்.


ஜூலை 21, திங்கள்

முருங்கைக்கீரை உருவினேன். ரிமோட்டு பிடிக்கக் கத்துக்கிட்டேன்.


ஜூலை 23, புதன்

டிவியில படம் தானா மாறிக்கிட்டே இருக்கு. ஒரு வீட்டுச் சடங்கு, அடுத்தாப்புல ஒரு சாவு, அடுத்தாப்புல பொன்னாடை போட்ட ஒரு கட்சிக்காரன். ஊரே வந்து என் முன்னால நின்னுட்டுப் போற மாதிரி இருக்கு. யார் யார் என்கிட்ட என்ன பேசினாங்கன்னு ஒவ்வொரு மூஞ்சியா நினைச்சுக்கிட்டே பூண்டு உரிச்சேன்.

நடுவுல சடார்னு மதி வந்தா. ஆறு வயசு. பள்ளிக்கூடத்துல பாரதமாதா வேஷம், தகர கிரீடம். வீட்ல இருந்த அவ போட்டோ எல்லாத்தையும் போன வருஷம் இவங்க கழட்டிட்டாங்க. வைரஸ் தின்னது போக கம்ப்யூட்டருக்குள்ள பழசு கிடந்திருக்கு போல.

மதி நாகர்கோவில்ல படிக்கும்போது அருள்தாஸ்ங்கிற பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டா. வேற தெரு, வேற ஆளுங்க. அதுக்குமேல எழுத ஒன்னுமில்ல. ரெண்டு பேரும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பார்க்காங்க.

நான் பார்க்கிறதை ஆவுடை அடுப்படி வாசல்ல நின்னு பார்த்தா. அமத்தச் சொல்லுவான்னு நினைச்சேன். முந்தானையில கையைத் துடைச்சுக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தா.

"அத்தை, நான் மதிகிட்டப் பேசுறேன். ரெண்டு மாசமா."

"அவனுக்குத் தெரியுமா?"

"அவர்தான் பேசச் சொன்னாரு. போன வாரம் அவரும் பேசினாரு. 'என் தங்கம், வந்துட்டுப் போ'ன்னு சொன்னாரு, அவ போன்ல அழுதுட்டா. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாரா அத்தை. அஞ்சு மாசம்."

"என்னது அஞ்சு மாசம்?"

ஆவுடை வயித்தைக் காட்டினா.

எனக்குக் கையில பூண்டு இருந்தது. அப்படியே வெச்சுக்கிட்டே இருந்தேன். நிச்சயத்தன்னைக்கு ஆவுடை "இந்தம்மாவும் நம்மகூடவேதான் இருப்பாங்களா?"ன்னு அவங்கம்மாகிட்டக் கேட்டதை இன்னைக்கு ஒரு நாள் தள்ளி வெச்சேன்.


ஜூலை 25, வெள்ளி

எழுதலாமா வேண்டாமான்னு தெரியல. எழுதுறேன்.

ஆவுடை கடைத்தெருவுக்குப் போயிருந்தா. நான் டிவி முன்னால. நம்ம அம்மன் கோயில் கொடைக்கு அடிச்ச பேனரா வந்துக்கிட்டிருந்தது. அம்மன், வில்லுப்பாட்டு, அன்னதானம், விழாக்குழு மூஞ்சிங்க. அடுத்தாப்புல கறுப்புக் கட்டம் போட்டு ஒன்னு வந்தது.

கண்ணீர் அஞ்சலி. நடுவுல மதி.

காலேஜ்ல எடுத்த போட்டோ. ரெட்டைச் சடை போட வேண்டாம்னு என்கிட்டச் சண்டை போட்டாளே, அந்த வருஷத்துது. கீழே தோற்றம்னு பிறந்த தேதி. பக்கத்துல மறைவுன்னு ஒரு தேதி. அதுக்குள்ள படம் மாறிட்டுது. அடுத்தாப்புல ஏதோ பிள்ளைக்குக் காது குத்துறாங்க.

எனக்குத் திருப்பிக் கொண்டுவரத் தெரியாது. பின்னால போற பொத்தானை அமுக்கினா டிவி மொத்தமா அணைஞ்சிரும்னு பயம். சுத்தி வரட்டும்னு உக்காந்திருந்தேன். ஊர்ல இருக்கிற கல்யாணம், கருமாதி எல்லாம் ஒவ்வொன்னா வந்துட்டுப் போச்சு. ஆவுடை திரும்பி வந்தா, காபி குடுத்தா, நான் அதைக் குடிக்கல. "ஆறிப்போச்சே அத்தை"ன்னு எடுத்துட்டுப் போனா. அவ அடுப்படிக்குள்ள இருந்தப்பதான் மறுபடி வந்தது.

மறைவு: ஆகஸ்டு 5.

காலண்டரைப் பார்த்தேன். கொடை நாள். வரப்போற கொடை நாள்.

வீட்டை விட்டுப் போன பிள்ளைக்கு உயிரோட இருக்கும்போதே அஞ்சலி ஒட்டுறது நம்ம பக்கம் புதுசில்ல. எங்க கடையிலயே அப்படி அடிச்சிருக்கு. தவுட்டுக்கடைக்காரர் அவரு மகளுக்கு அடிச்சு பஸ் ஸ்டாண்டுல ஒட்டினாரு. ஆனா அது அவ போன தேதி. எல்லாரும் போன தேதியைத்தான் போடுவாங்க. வரப்போற தேதியை யாரு போடுவா?

தப்பா அடிச்சிருப்பாங்க. நம்ம கடையில தேதி தப்பாம அடிச்ச நாளுதான் கம்மி.

இந்த டைரியை இனிமே கோலமாவு டப்பாவுக்குள்ள வைக்கப்போறேன்.


ஜூலை 26, சனி

காலையில இட்லிக்கு உக்காந்தப்ப மகன்கிட்டக் கேட்டுப் பார்த்தேன். "மதி வாராளாமே?"

"வரட்டும்மா." சிரிச்சான். "பெத்த பிள்ளையை எத்தனை நாள் ஒதுக்கி வைக்க முடியும்?"

அவன் சின்னதுல பொய் சொன்னா இடது காதைத் தடவுவான். இன்னைக்குத் தடவல. அதனால நிம்மதியா இருக்கணும்னு நினைச்சேன். இருக்க முடியல.

"வாடகைக்காரு எடுத்து பைபாஸ்லயே போய்க் கூட்டிட்டு வந்துருவேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா ஆளுக பேசுவாங்க." இன்னொரு இட்லி கேட்டான். வெச்சேன். சட்னியைத் தட்டுக்கு வெளியில ஊத்திட்டேன்.

"வயசாயிட்டுதும்மா உனக்கு"ன்னு அவனே துடைச்சான்.

நல்லையாதான். எனக்கு இப்பத் தெரியுது. பார்க்கவும் அனுப்பவும்தான்னாலும் அவருக்கும் ஒரு சாவி போட்டிருக்கானே பீர். அவருதான் பொறாமையில இந்தப் படத்தைச் செஞ்சு உள்ளே போட்டிருப்பாரு. சாவு வீட்ல சீட்டாடினவருக்கு இது என்ன பெரிய காரியம்?


ஜூலை 28, திங்கள்

டிவிக்குப் பின்னால ஒரு வயரை நானே பிடுங்கினேன். படம் வரலைன்னு பீருக்கு ஆள் விட்டேன். மத்தியானம் வந்தான். மகன் கீழே கடையில, ஆவுடை மாவு மில்லுக்கு.

வயரைப் பார்த்ததும் அவனுக்குப் புரிஞ்சுபோச்சு. "இது தானா கழலாதே ஆச்சி."

படத்தைத் தேடிக் காட்டச் சொன்னேன். அவன் பையிலிருந்து மடிக் கம்ப்யூட்டரை எடுத்துத் தட்டினான். கொடை ஃபோல்டருக்குள்ள இருந்தது. பார்த்ததும் அவன் மூஞ்சி மாறிட்டுது. "இது யாரு ஆச்சி?"

"என் பேத்தி. உயிரோட இருக்கா. இதை யாரு உள்ளே போட்டதுன்னு உனக்குத் தெரியுமா?"

"லினக்ஸ்ல எந்த ஃபைலா இருந்தாலும் அதை வெச்ச ஆளோட பேரு கூடவே இருக்கும். யாரு சாவியைப் போட்டு உள்ளே வந்தாங்களோ அவங்க பேரு." கருப்புத் திரையில ஏதோ அடிச்சான். வரிசையா எழுத்து வந்தது. எனக்கு இங்கிலீஷு தெரியாது. நான் அவன் மூஞ்சியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.

"நல்லையாதானே?"

பீர் தலையை ஆட்டல. ஒரு பேரைச் சொன்னான்.

நான் நல்லையா பேரையே மறுபடி சொன்னேன். "இல்ல ஆச்சி"ன்னான். அப்ப நல்லையா இவன் சாவியைத் திருடிப் போட்டிருப்பாருன்னு சொன்னேன்.

என் போன்ல பேசினா மகன் பார்த்துருவான், அதனால பீர் போன்ல மதிக்குப் பேசினேன். நம்பரு ஆவுடை போன்ல பார்த்து மனப்பாடம் பண்ணினது, எழுதி வெச்சது கிடையாது.

"ஆச்சி! யாரு போன்லேர்ந்து பேசுறீங்க?"

"கொடைக்கு வராத."

"ஏன் ஆச்சி?"

சொன்னேன். அவ சிரிச்சா. "அது போன வருஷம் கோவத்துல செஞ்சதா இருக்கும் ஆச்சி. தவுட்டுக்கடைக்காரர் செய்யலையா?"

"தேதி வரப்போற தேதிடி."

"உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியுதா? அப்பா என்கிட்டப் பேசினாரு ஆச்சி. அப்பா அழுதாரு. அம்மா வளையல் எடுத்து வெச்சிருக்காங்க. ஒன்றரை வருஷம் கழிச்சு இப்பதான்... நீங்க எல்லாத்தையும் பகையாவே பார்க்கிறீங்க. அம்மாவே சொல்லுவாங்க."

படியில செருப்புச் சத்தம் கேட்டது. பீர் போனைப் பிடுங்கி அமத்தினான்.

என் மகன் வாசல்ல நின்னான். "என்னப்பா, டிவி சரியாயிட்டா?"

"வயர் லூசாயிருந்தது அண்ணே."

"எங்கம்மா ஏதாவது பேசிக்கிட்டே இருப்பாங்க. நீ வேலையைப் பாரு."

பீர் போறப்ப என்னைத் திரும்பிப் பார்க்கல. அவனுக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு.


ஜூலை 30, புதன்

டிவியில கொடை ஃபோல்டரைத் தொட்டா அனுமதி இல்லைன்னு தமிழ்லயே வருது. பேனர், சடங்கு, காதுகுத்து எல்லாம் வருது. அது மட்டும் வரல.

மத்தியானம் மகன் சொன்னான்: "எம்மா, உன் போனை சர்வீஸுக்குக் குடுத்திருக்கேன். சார்ஜ் நிக்கலேன்னியே." நான் அப்படிச் சொல்லல. என்னைக்குமே சொல்லல.

"நாள் பூரா டிவி பார்க்காத. கண்ணு போயிரும்"னான். இடது காதுக்குக் கை போகுதான்னு பார்த்தேன். கையைக் கட்டிக்கிட்டு நின்னான்.

அவன் எனக்குச் சோறு போட்டான். நான் அதைப் பூனைக்குப் போட்டுட்டு, பூனை நடக்குதான்னு சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தேன். இப்படி ஒரு காரியத்தை எழுதுறேனே. பெத்த பிள்ளை போட்ட சோறு. பூனை நல்லாத்தான் இருக்கு.


ஆகஸ்டு 1, வெள்ளி

கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு நல்லையா வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் அந்த வாசப்படி நான் மிதிச்சதில்ல.

பின்கட்டுல மைதாப் பசை காய்ச்சிக்கிட்டிருந்தார். பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போடுவாங்க, அந்த வாடை. என்னைப் பார்த்ததும் கரண்டியோட நின்னுட்டார்.

"மதினி! வீடு மாறி வந்துட்டியளா?"

"வாயை மூடிக்கிட்டு உக்காரும்."

"என் வீட்ல நான் உக்கார உங்க உத்தரவு வேணுமோ?" சொல்லிக்கிட்டே உக்காந்தார்.

நேராக் கேட்டேன். மதிக்கு அஞ்சலி போஸ்டர் செஞ்சது நீர்தானான்னு. அவருக்கு நான் பேசுறது ஒன்னும் விளங்கல. தேதியைச் சொன்னேன். பசை அடிப்பிடிச்சு வாடை வந்தது, ரெண்டு பேருமே எழுந்திருக்கல.

"மதினி, செண்பகம் என்கிட்ட ஒரு வேலை சொல்லியிருக்கான். ஆறாந்தேதி விடிஞ்சதும் டவுன் பூரா ஒட்டணுமாம். 'என்ன போஸ்டர்னு கேக்காதீங்க சித்தப்பா, அன்னைக்குத்தான் தருவேன்'னான். அதுக்குத்தான் இந்தப் பசை."

அப்பத்தான் பீர் சொன்ன பேரை நான் வாயால சொன்னேன். செண்பகராஜ்.

நல்லையா தண்ணி குடுத்தார். குடிச்சேன்.

"என்னைத்தானே முதல்ல நினைச்சிய?"

"ஆமா."

"அந்தச் சீட்டு விவகாரம்தானே? அண்ணன் போனதை என்னால பார்க்க முடியல மதினி. கையில ஏதாவது இருந்தாத்தான் உக்கார முடிஞ்சுது. நீங்க ஒரு நாளாவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

குடிச்ச டம்ளரை அவர் பக்கமா நகர்த்தி வெச்சேன்.

பட்டன் போனை வெச்சிருக்கிறவர் அவர். போட்டோ எடுக்க வழியில்ல. மதி நான் சொன்னதை நம்பல, கண்ணால பார்த்தா நம்புவா. அவர் சாவியை நிறுத்தி வைக்க என் மகன் மறந்திருந்தா, ஒரே ஒரு போஸ்டர் அடிச்சு எடுத்துக்கிட்டு அவரு பஸ் ஏறித் திருப்பூர் போயிரலாம். நாளைக்கு மகன் கிடா வாங்க எட்டயபுரம் சந்தைக்குப் போறான்.

"மாட்டிக்கிட்டா?"ன்னு கேட்டார்.

"மாட்டிக்கிட்டா மாட்டிக்கிட்டோம்."

"நீங்க ஈசியாச் சொல்லிட்டிய. அவன் என் கழுத்தைத்தானே பிடிப்பான்." ஆனா சட்டையை எடுத்து மாட்டினார்.


ஆகஸ்டு 2, சனி

எழுத்து கோணலா வருது.

மகன் சந்தைக்குப் போனான், கடையில வேலை பார்க்கிற பையங்க சாப்பிடப் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கினோம். நான் வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்தேன், யாராவது வந்தா மத்தியானச் சாப்பாட்டு நேரம்னு சொல்ல. நல்லையா ஒத்த விரல்ல ஒவ்வொரு எழுத்தாத் தட்டினார். முதல் தடவை உள்ளே விடல. ரெண்டாவது தடவையும் விடல. "மதினி, எனக்கு வேர்த்துக் கண்ணு மறைக்குது"ன்னார். வேட்டியில துடைச்சுக்கிட்டு மறுபடி தட்டினார்.

திறந்துட்டுது. டிவியைத்தான் பூட்டியிருக்கான். போஸ்டர் ஒட்டுற சித்தப்பாவை அவன் ஒரு ஆளாவே நினைக்கல.

மெஷின் ஓட ஆரம்பிச்சுது. அது போடுற சத்தம் எனக்குத் தினமும் கேட்டுப் பழகினதுதான். இன்னைக்கு ஊருக்கே கேக்குற மாதிரி இருந்தது. மதி நெத்தி முதல்ல வந்தது, அப்புறம் கண்ணு. கொஞ்சம் கொஞ்சமா இழுத்து இழுத்து வெளியில விட்டுது.

"அவரு இல்லாம யாரு மெஷினை ஓட்டுறது?"

ஆவுடை. உள்படி வழியா இறங்கி வந்து நிக்கிறா. கையில நல்லையாவுக்குச் சாப்பாட்டுத் தட்டு. அவர் கடைக்கு வந்ததைப் பார்த்திருக்கா.

நல்லையா மெஷினை மறைச்சு நின்னார். ஆனா அந்தாளு ஒல்லி, என்னத்தை மறைப்பார்? ஆவுடை தட்டை வெச்சுட்டு அவரைத் தள்ளிட்டுப் பேப்பரை எடுத்தா.

அவளுக்கு இது முன்னமே தெரியுமோன்னு எனக்கு இத்தனை நாளும் ஒரு சந்தேகம் இருந்தது. இங்கே எழுதல, ஆனா இருந்தது. அவதானே கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினா.

போட்டோவைப் பார்த்து முதல்ல அவளுக்குக் கோவம்தான் வந்தது. "இன்னுமா இதை வெச்சிருக்காரு? பிள்ளை வர்ற நேரத்துல?" அப்புறம் கீழே பார்த்தா. ரெண்டு தடவை பார்த்தா.

"அத்தை, தேதியைத் தப்பாப் போட்டிருக்கு. இது கொடை நாள்ல?"

மெஷின் நின்னுட்டுது. அவ என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, பேப்பரைப் பார்த்தா. கறுப்புக் கட்டத்துக்குள்ள சின்ன எழுத்துல ஆறாத் துயரத்தில் இருக்கிறவங்க பேரு போட்டிருந்தது. பெற்றோர்னு அவங்க ரெண்டு பேரும், ஆச்சின்னு என் பேரும்.

ஃப்ளெக்ஸ் சுருள் மேலேயே உக்காந்துட்டா. "நான்ல கூப்பிட்டேன். நான் கூப்பிட்டாத்தான் வருவான்னு அவருக்குத் தெரியும்ல." சத்தமே இல்லாமச் சொன்னா.

"எழுந்திரு. இப்பப் பேசு அவகிட்ட. நான் சொன்னா நம்பமாட்டேங்கிறா."

ஆவுடை போன் போட்டா. ஸ்பீக்கர்ல வெச்சா.

"அம்மா! உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்? இங்கே நைட்டி நல்லா இருக்கு."

"வராத."

"என்னம்மா?"

"வராதடி. அஞ்சாந்தேதி வராத, ஆறாந்தேதி வராத, நான் கூப்பிட்டாலும் வராத."

"ஆச்சி சொல்லிக் குடுத்தாங்களா?"

"உன் கண்ணீர் அஞ்சலி என் கையில இருக்கு! உங்கப்பா செஞ்சது! நான் கூப்பிட்டது நிசம்டி, சத்தியமா நிசம், வளையல் எடுத்தது நிசம், ஆனா நீ வராத!"

அந்தப் பக்கம் அருள்தாஸ் போனை வாங்கினான். நான் அவன் குரலை முதல் தடவையா இப்பத்தான் கேக்கேன். பதறாமப் பேசினான். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான், குடியிருக்கிற வீட்டை இன்னைக்கே காலி பண்றோம்னான், போலீஸ்ல எழுதிக் குடுக்கிறேன்னான். கடைசியா "ஆச்சி இருக்காங்களா? நன்றி சொன்னேன்னு சொல்லுங்க"ன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன்.

ஆவுடை போட்டோ எடுத்து அனுப்பினா. அனுப்பினதை அழிச்சா. பேப்பரை நாலா மடிச்சு ஜாக்கெட்டுக்குள்ள வெச்சா. நல்லையா அந்தத் தட்டுச் சோத்தைத் தின்னார். தின்னாத்தான் இங்கே வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கும்னு ஒவ்வொரு கவளமா முழுங்கினார்.


ஆகஸ்டு 3, ஞாயிறு

ஆவுடை முறுக்கு சுட்டா, அதிரசத்துக்குப் பாகு வெச்சா. "பிள்ளைக்குப் பிடிக்கும்ல"ன்னு என் மகன் காதுல விழுற மாதிரிச் சொன்னா. அவன் எண்ணெய்ச் சட்டி பக்கத்துல நின்னு ஒரு முறுக்கை எடுத்துக் கடிச்சான். "உப்பு கம்மி"ன்னான்.


ஆகஸ்டு 4, திங்கள்

ஒரு முழு நாளும் பயந்தே இருக்க முடியும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது.


ஆகஸ்டு 5, செவ்வாய்

காலையில மேளம் ஆரம்பிச்சதும் காரு வந்தது. உள்ளே எனக்குத் தெரியாத ரெண்டு ஆளுங்க. ரெண்டு பேருமே இறங்கல. செண்பகராஜ் குளிச்சு, திருநீறு பூசி, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போனான்.

அவன் கை பட்ட இடத்தை நான் கழுவினேன். ரெண்டு தடவை கழுவினேன்.

மதியம் தாண்டி வந்தான். தனியா. காரு இல்லை. ஆவுடை முன்னாலயே நின்னா.

"பஸ்ல அவ வரல. போனும் போகல. நீ பேசினியா?"

"பேசினேன்."

"என்ன பேசின?"

ஆவுடை ஜாக்கெட்டுக்குள்ள இருந்து அந்தப் பேப்பரை எடுத்து விரிச்சா. அவன் அதைப் பார்த்ததும் கை ஓங்கினான். நான் நடுவுல போனேன். வயசான உடம்பு, ஒரு தள்ளுக்குச் சுவத்துல சாஞ்சுட்டேன். தோள்பட்டை இன்னும் வலிக்குது.

"எப்படிக் கிடைச்சது? பூட்டியிருந்தேனே!"

வாசல்ல இருந்து நல்லையா சொன்னார்: "என் பேர்ல எடுத்தேன்டா. எனக்கும் ஒரு பேரு போட்டிருக்குல்ல உங்க கம்ப்யூட்டர்ல."

அவருக்குப் பின்னால விழாக்குழு ஆளுங்க நாலஞ்சு பேரு நின்னாங்க, பானக்கம் குடுக்க வந்தவங்க. இவன் அவங்களைப் பார்த்தான், கையை இறக்கினான். பின்படி வழியா இறங்கிப் போனான். கடைக்குள்ள ஏதோ உடையுற சத்தம் கேட்டது. அப்புறம் பைக் சத்தம்.


ஆகஸ்டு 7, வியாழன்

போலீஸ் வந்தாங்க. திருப்பூர்லேர்ந்து தகவல் வந்திருக்கு. கம்ப்யூட்டரை அவன் தூக்கிப் போட்டு உடைச்சிருந்தான். பீரைக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. உள்ளே இருக்கிற தட்டு, ஹார்ட் டிஸ்க்காம், நல்லாத்தான் இருக்கு, யாரு எப்ப என்ன வெச்சாங்கங்கிறது எல்லாம் அதுல கிடக்குன்னு பீர் சொன்னான். சொல்றதுக்கு முன்னால வாசலை ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தான். ஆனா சொன்னான்.

வந்திருந்த அதிகாரி அம்மா என்னைத் தனியா உக்கார வெச்சாங்க. "உங்க மகன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஒரு தடவை எழுதிட்டா எழுதினதுதான்."

"எழுதுங்க"ன்னேன். நான் பார்த்ததைப் பார்த்த வரிசையில சொன்னேன். அந்தம்மாவுக்கு எழுதிக் கையோஞ்சு போச்சு.

அவனும் அந்த ரெண்டு ஆளுங்களும் இன்னும் அகப்படல. மதி எங்கே இருக்கான்னு எனக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்னு நானே சொல்லிட்டேன்.


ஆகஸ்டு 9, சனி

நானும் ஆவுடையும் நல்லையா வீட்ல இருக்கோம். தெருவுல பைக் போனா மூணு பேரும் பேச்சை நிறுத்திடறோம்.

காலையில நல்லையாவோட பட்டன் போன் அடிச்சுது. புது நம்பர். அவரு காதுல வெச்சுட்டு என்கிட்ட நீட்டினார்.

"எம்மா."

ஆவுடை பக்கம் முதுகைத் திருப்பிக்கிட்டேன்.

"எம்மா, நான்தான். சும்மா பயங்காட்டத்தாம்மா. கார்ல ஏத்திப் பயங்காட்டி, அவனை விட்டுட்டு வரச் சொல்லத்தான். ஊர்ல தலை நிமிந்து நடக்க முடியலம்மா. எனக்கு வேற ஒன்னும் மனசுல இல்ல. ஸ்டேஷன்ல நீ குடுத்ததை மாத்திக் குடு. கண்ணு தெரியலன்னு சொல்லு. தேதியைச் சரியாப் பார்க்கலன்னு சொல்லு. உன் சொல்லைத்தான் அவங்க பிடிச்சுக்கிட்டிருக்காங்க."

அழுதான். சின்னதுல காய்ச்சல் வந்தா இப்படித்தான் அழுவான், மூக்கை இழுத்து இழுத்து. நெத்தியைத் தொட்டுப் பார்க்கணும் போல இருந்தது. பொய்யில்ல, இருந்தது.

"பயங்காட்டத்தான்னா, ஆறாந்தேதி ஒட்ட எதுக்குல பசை காய்ச்சச் சொன்ன?"

அழுகை நின்னுட்டுது. உடனே நின்னுட்டுது. மூக்கை இழுக்கிற சத்தம் கூட இல்லை.

"நீ எத்தனை நாளைக்கு அங்கே இருந்துருவ, பார்க்கிறேன்"னான். வெச்சுட்டான்.

ஆவுடை கேட்டா, யாரு அத்தைன்னு. சொன்னேன். அந்த நம்பரைப் போலீஸுக்குச் சொல்ல நல்லையா கிளம்பினார். நானும் கதவைச் சாத்திக் கொண்டி போட்டுட்டு உக்காந்து இதை எழுதுறேன். கொண்டி போட்டதைத் திரும்பத் திரும்ப எழுந்து பார்த்துட்டு வாரேன்.

மதிக்குப் பிள்ளை பிறந்தா, ஒரு நாள் அவளே அப்பான்னு இளகினாலும் இளகுவா. ஆவுடை தாலி கட்டிக்கிட்டவ, அவ மனசு எப்படிப் போகுமோ. பெத்தவளுக்கு இவ்வளவு கல்மனசான்னு தெருவுல கேப்பாங்க. கேக்கட்டும். இத்தனை வருஷமா நான் மன்னிக்காதவங்கன்னு நிறையப் பேரை மனசுல வெச்சிருந்தேன். இன்னைக்கு ஒவ்வொருத்தரா விட்டுட்டேன், அவங்களைச் சுமக்க எனக்குத் தெம்பில்ல. ஒருத்தனை மட்டும் விடமாட்டேன்.

செண்பகராஜ்.